கம்மல்ஸ்வென்ஸ்க்பி: உக்ரைனில் ஒரு சுவீடியக் கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெர்சன் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், "அங்கே சுவீடன்காரர்கள் ஊர் ஒன்று இருக்கிறதாமே, உண்மையா?" என்று யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுகிறார். அதைத் தொடர்ந்து வரும் ஐயங்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே கேட்டவர்களின் சொற்களை அதிகம் மாற்றாமல், எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த ஊர் சரியாக எங்கே இருக்கிறது?

உக்ரைனின் தெற்கே, கெர்சன் மாகாணத்தின் பெரிஸ்லாவ் வட்டத்தில், நீப்பர் ஆற்றின் வலக்கரையில் இருக்கிறது. கெர்சன் நகரிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. பெரிஸ்லாவ் என்ற சிறு நகரத்திலிருந்து கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் இன்றைய வரைபடத்தில் கம்மல்ஸ்வென்ஸ்க்பி என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அது இப்போது ஸ்மீயிவ்கா என்ற பெரிய கிராமத்தின் ஒரு பகுதி.

ஒரே ஊருக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

முதலில் ஒரு சிறு விளக்கம்: பெயரில் வரும் 'கம்மல்' நாம் காதில் அணிவது அன்று. சுவீடிய மொழியில் அதற்குப் 'பழைய' என்று பொருள். 'ஸ்வென்ஸ்க்' என்றால் சுவீடிய, 'பி' என்றால் ஊர். ஆக, 'பழைய சுவீடிய ஊர்'. உக்ரைனிய மொழியில் ஸ்தாரோஷ்வெத்ஸ்கே என்பதும் இதே பொருளைத் தருவதுதான். பக்கத்தில் ஜெர்மானியர்களின் புதிய ஊர்கள் தோன்றிய பிறகுதான் இதற்குப் 'பழைய' என்ற அடைமொழி தேவைப்பட்டது. ஊரார் தங்களுக்குள் வெறுமனே 'ஸ்வென்ஸ்க்பி' என்றே சொல்லிக்கொண்டார்கள்.

ஸ்மீயிவ்கா என்ற பெயரின் கதை வேறு. அண்டையிலிருந்த ஜெர்மானிய ஊர்களில் ஒன்றின் பெயர் ஷ்லாங்கென்டார்ஃப், அதாவது பாம்பூர். 'ஸ்மீயா' என்பது உக்ரைனிய மொழியில் பாம்பு. பெயரை மொழிபெயர்த்துவிட்டார்கள், பிறகு அந்த மொழிபெயர்ப்புப் பெயரே சுற்றியிருந்த ஊர்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

நிலம் எப்படிப்பட்டது? ஆற்றங்கரை என்றால் செழிப்பான இடமாகத்தானே இருக்கும்?

ஆறு அருகில் இருப்பதும் நிலம் ஈரமாக இருப்பதும் ஒன்றல்ல. இது மரங்களற்ற புல்வெளிச் சமவெளி. மண் வளமானதுதான், ஆனால் ஆண்டு மழையளவு 400 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கும், கோடையில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று கதிர் முற்றுவதற்குள் பயிரைக் கருக்கிவிடக்கூடும். வலக்கரை உயர்ந்து செங்குத்தாக நிற்பதால் ஆற்றுநீரை மேலே கொண்டுவருவதும் பழங்காலத்தில் எளிதன்று. கரையோரத்தை மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்கள் பிளந்து வைத்திருக்கும்.

கோதுமை, பார்லி, சூரியகாந்தி, கெர்சனுக்கே பெயர்வாங்கித் தந்த தர்ப்பூசணி ஆகியவை இங்கே விளைபவை. ஆற்றோரத்தில் முன்பு 'பிளாவ்னி' எனப்படும் நாணல் சதுப்புகளும் தீவுகளும் இருந்தன. மீன், வைக்கோல், கூரைக்கான நாணல், கொஞ்சம் விறகு எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. விறகுப் பஞ்சம் எந்த அளவுக்கு என்றால், இந்தப் புல்வெளிப் பகுதி முழுவதிலும் சாணத்தையும் வைக்கோலையும் பிசைந்து, காயவைத்து, வரட்டியாகத்தான் குளிர்காலத்தில் எரித்தார்கள். காடும் கடலும் சூழ்ந்த தீவிலிருந்து வந்தவர்களுக்கு இது எவ்வளவு அந்நியமான வாழ்க்கை என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இவர்கள் பொல்தாவாப் போரில் தோற்ற சுவீடன் படைவீரர்களின் வாரிசுகள்தானே?

இல்லை. நான் மிக அதிகமாகத் திருத்த நேர்ந்திருப்பது இந்த ஒரு கருத்தைத்தான். மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் பொல்தாவாவில் தோற்றது 1709-இல். இந்தக் கிராமத்து மக்கள் வந்து சேர்ந்தது 1782-இல். வந்தவர்கள் படைவீரர்களும் அல்லர், பெண்களும் குழந்தைகளும் அடங்கிய உழவர் குடும்பங்கள்.

குழப்பம் எழுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் வரும் வழியில் குளிர்காலத்தைக் கழித்த ரெஷெதிலிவ்கா என்ற இடம் பொல்தாவாவுக்கு அருகில்தான் இருக்கிறது. 1788 முதல் 1790 வரை நடந்த வேறொரு ரஷ்ய–சுவீடியப் போரில் பிடிபட்ட கைதிகள் சிலரும் பின்னர் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். இவ்விரண்டும் கலந்து, 'போர்க்கைதிகளின் ஊர்' என்ற கதையாகிவிட்டது.

அப்படியென்றால் சுவீடனிலிருந்து நேராக வந்தவர்களா?

அதுவும் இல்லை. இன்றைய எஸ்தோனியாவைச் சேர்ந்த ஹீயூமா தீவிலிருந்து வந்தவர்கள். சுவீடிய மொழியில் அத்தீவின் பெயர் டாகோ. எஸ்தோனியாவின் கடற்கரையிலும் தீவுகளிலும் சுவீடிய மொழி பேசும் உழவர்களும் மீனவர்களும் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தார்கள். அந்தப் பகுதி சுவீடன் அரசின் கீழ் இருந்தபோது அவர்களுக்குச் சில உரிமைகள் வழங்கப்பட்டிருந்தன. சுற்றியிருந்த எஸ்தோனிய உழவர்களைப்போல் அவர்கள் பண்ணையடிமைகள் அல்லர், சுதந்திரக் குடிகள். 1721-ஆம் ஆண்டின் நிஸ்டாட் உடன்படிக்கைப்படி எஸ்தோனியா ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனபோது, அவர்கள் இடம்பெயராமலேயே வேறொரு நாட்டின் குடிகள் ஆனார்கள்.

ஏன் கிளம்பினார்கள்? துரத்தப்பட்டார்களா, விரும்பிப் போனார்களா?

இரண்டும் என்பதே நேர்மையான பதில். ஹீயூமாவில் நிலத்தை வைத்திருந்த ஸ்டென்பாக் பிரபுவுக்கும் இவர்களுக்கும் உரிமைகள் பற்றி நெடுங்காலம் வழக்கும் தகராறும் நடந்தன. இவர்கள் அடிமைகள் அல்லர் என்பதை மறுக்க முடியாவிட்டாலும், நிலம் பிரபுவுடையது; நிலத்தை விட்டு வெளியேற்றப்படும் நிலை வந்தது. அதே காலத்தில், ஒட்டோமான் பேரரசுடன் 1774-இல் முடிந்த போருக்குப் பிறகு கருங்கடலுக்கு வடக்கே ரஷ்யா கைப்பற்றிய பரந்த வெளியில் ஆட்களைக் குடியேற்றப் பேரரசி இரண்டாம் கேத்தரினும் அவருடைய ஆளுநர் பொட்டெம்கினும் முனைந்திருந்தார்கள். தெற்கே போனால் நிலமும் உரிமையும் கிடைக்கும் என்ற வாக்குறுதி அப்படித்தான் இவர்களை எட்டியது.

கையில் விலங்கு பூட்டி யாரும் இழுத்துச் செல்லவில்லை. ஆனால் 'விருப்பத்துடன்' என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. தங்கியிருக்க வீடில்லாதவன் புறப்படுவதற்கு விருப்பம் என்று பெயரிட முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவர்கள் போய்ச் சேர்ந்த வெளி யாருக்கும் சொந்தமில்லாத பாழ்நிலம் அன்று. சபரோஜியக் கொசாக்குகளும் நோகாய் மேய்ச்சல்காரர்களும் உலவிய நிலம் அது. கொசாக்குகளின் தலைமைப் பாசறையை அரசு அழித்தது 1775-இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்குள் இந்தக் குடியேற்றம்.

பயணத்தில் பாதிப்பேர் இறந்துபோனார்கள் என்று படித்தேன். மிகைப்படுத்தலா?

மிகையில்லை; உண்மை அதைவிடக் கொடியது. 1781 ஆகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவை விட்டுப் புறப்பட்டார்கள். வண்டியிலும் கால்நடையாகவும் ரஷ்யப் பேரரசின் வடமேற்கு மூலையிலிருந்து தெற்கு எல்லை வரை ஒன்பது மாதம் நடந்தார்கள். ரெஷெதிலிவ்காவில் குளிர்காலத்தைக் கழித்ததைச் சொன்னேன். வழியில் நோயும் குளிரும் பலரைக் கொண்டுபோயின. 1782 மே முதல் நாள் நீப்பர் கரையை அடைந்தபோது, அங்கே கட்டி வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட வீடுகள் இல்லை.

வந்து சேர்ந்த பிறகுதான் சாவு இன்னும் மிகுந்தது. புதிய தண்ணீர், புதிய நோய்கள், மண்ணைத் தோண்டி அமைத்த குடில்களில் முதல் குளிர்காலம். 1783 மார்ச்சில் உயிரோடு இருந்தவர்கள் 135 பேர் மட்டுமே என்று சபைப் பதிவேடு சொல்கிறது. பின்னாளில் இந்த ஊரில் நடந்த எதைப் புரிந்துகொள்ளவும் இந்த எண்ணை மனத்தில் வைத்திருப்பது நல்லது. அந்த 135 பேரின் வழிவந்தவர்கள்தான் பெரும்பாலும் இந்த ஊரின் சுவீடியர்கள்.

ஜெர்மானியர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

குடியேற்றத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை உழுவதற்கு இந்தச் சிறு கூட்டம் போதாது என்று அரசு கருதியது. 1804 முதல் ஜெர்மானியக் குடும்பங்களைப் பக்கத்தில் அமர்த்தியது. ஷ்லாங்கென்டார்ஃப், முல்ஹவுசென்டார்ஃப் ஆகியவை லூத்தரன் ஊர்கள். குளோஸ்டர்டார்ஃப் கத்தோலிக்க ஊர். 'சுவீடியக் குடியேற்றப் பகுதி' என்று நிருவாகம் அழைத்த வட்டாரத்தில் விரைவிலேயே சுவீடியர்களே சிறுபான்மையானார்கள். சுவீடியரும் லூத்தரன் ஜெர்மானியரும் ஒரே சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். நிலம் குறித்த மனக்கசப்பும் இருந்தது, அன்றாடக் கொடுக்கல் வாங்கலும் இருந்தது.

இவ்வளவு சிறிய கூட்டம் 150 ஆண்டுகள் தன் மொழியை எப்படிக் காப்பாற்றியது?

திருமணம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே நடந்தது, வழிபாடு தனியாக நடந்தது, தீவிலிருந்து கொண்டுவந்த பழைய பாடல் நூல்களும் வேதாகமமும் வீடுகளில் இருந்தன. எழுத்து மொழியை அவற்றிலிருந்தும், பேச்சு மொழியைத் தாயிடமிருந்தும் கற்றார்கள். ஹீயூமாவின் வட்டார வழக்கு சுவீடனின் பொதுமொழி கண்ட மாற்றங்களிலிருந்து ஒதுங்கி நின்றதால், பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், அஃறிணை என்ற மூன்று பால்களும் அதில் நிலைத்தன. ஜெர்மன், ரஷ்ய, உக்ரைனியச் சொற்களும் தாராளமாகப் புகுந்தன.

குடும்பப் பெயர்களில் பழைய தீவு இன்னும் தெரிகிறது. புஸ்காஸ், மால்மாஸ், உட்டாஸ், க்னூட்டாஸ் என 'ஆஸ்' என்று முடிபவை ஹீயூமாவில் இருந்த பண்ணைவீடுகளின் பெயர்களிலிருந்து வந்தவை. 'இன்ன வீட்டார்' என்று நாம் சொல்வதுபோலத்தான்.

வெளியுலகம் இவர்களை எப்போது கண்டுபிடித்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். பின்லாந்திலிருந்தும் சுவீடனிலிருந்தும் மொழி ஆய்வாளர்களும் மதகுருக்களும் வரத் தொடங்கினார்கள், செய்தித்தாள்கள் எழுதின, நன்கொடை திரண்டது. அந்தப் பணத்தின் துணையோடு 1885-இல் புனித யோவான் ஆலயம் கட்டப்பட்டது. சோவியத் காலத்தில் அக்கட்டடம் வழிபாட்டிலிருந்து பறிக்கப்பட்டு வேறு பயன்களுக்குப் போயிற்று; சோவியத் ஆட்சியின் இறுதியில் ஆர்த்தடாக்ஸ் ஆலயமாக மீண்டும் திறக்கப்பட்டது.

1929-இல் ஊரே கிளம்பிப் போனது எப்படி? சோவியத் அரசு விட்டுவிட்டதா?

உள்நாட்டுப் போரும் 1921–22-ஆம் ஆண்டுப் பஞ்சமும் ஊரை நொறுக்கியிருந்தன. சுவீடனின் செஞ்சிலுவைச் சங்கம் அப்போது உதவி அனுப்பியது. அதற்குப் பின் வரி, மதத்தின்மீதான நெருக்கடி, நிலத்தைக் கூட்டுப்பண்ணையாக்கும் முனைப்பு ஆகியவை சேர்ந்துகொண்டன. மதகுரு கிறிஸ்டோஃபர் ஹோவாஸும் ஊர்க்காரர் யோஹான் புஸ்காஸும் முன்னின்று சுவீடனிடம் தங்களை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார்கள். பேராயர் நாதன் சோடர்ப்ளூம் உள்ளிட்டோர் அங்கே ஆதரவு திரட்டினார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் மாஸ்கோ அனுமதி தந்தது. சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்தக் கதவு அடைபட்டிருக்கும்.

ஏறத்தாழ 880 பேர் புறப்பட்டார்கள். நீப்பர் வழியே கெர்சன். அங்கிருந்து கப்பலில் ருமேனியாவின் கான்ஸ்டான்சா. அங்கிருந்து ரயிலில் ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜெர்மனி. கடைசியாகப் பால்டிக் கடலைக் கடக்கும் படகு. 1929 ஆகஸ்ட் 1 அன்று சுவீடனின் திரெலெபோரி துறைமுகத்தில் இறங்கியபோது இளவரசர் கார்ல் வரவேற்றார்.

அவ்வளவு பாடுபட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வந்துவிட்டார்களாமே, ஏன்?

250 பேர் அளவில் 1930, 1931 ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பினார்கள். பின்னால் நடந்ததை அறிந்த நமக்கு இது அறியாமையாகப் படும். அவர்கள் பக்கம் நின்று பார்க்க வேண்டும். சுவீடனில் ஓர் ஊராக வாழ்வோம் என்று எதிர்பார்த்தவர்களை, வேளாண்மை பழகட்டும் என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். சொந்த நிலத்தில் உழுதவர்கள் கூலியாட்களானார்கள். பொருளாதார மந்தம் வேறு. 'தாயகம்' என்று 150 ஆண்டுகள் நினைத்திருந்த நாட்டில் அவர்களுடைய பேச்சே மற்றவர்களுக்கு விநோதமாகக் கேட்டது. அவர்கள் மூதாதையர் சுவீடனிலிருந்து நேராக வந்தவர்கள் அல்லர் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். ஆகவே இதை 'தாயகம் திரும்புதல்' என்று சொல்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

சுவீடனின் கம்யூனிஸ்டுகளும் அவர்களைத் திரும்பிப் போக ஊக்குவித்தார்கள். சில சுவீடியக் கம்யூனிஸ்டுகள் தாங்களும் கூடவே சென்றார்கள். திரும்பியவர்களின் கூட்டுப்பண்ணைக்குச் சுவீடன் கம்யூனிஸ்டுக் கட்சியின் பெயரே சூட்டப்பட்டது. தங்கிவிட்டவர்களில் பலர் கோட்லாந்து தீவில் நிலைகொண்டார்கள். இன்னும் சிலர் கனடாவுக்குப் போனார்கள்.

திரும்பியவர்களுக்கு என்ன ஆயிற்று?

இரண்டே ஆண்டுகளில் ஹோலொடமோர் எனப்படும் 1932–33-ஆம் ஆண்டின் பெரும்பஞ்சம் வந்தது. மறுபடியும் சுவீடனுக்குப் போக விரும்புவதாகச் சொன்னவர்கள் கைதானார்கள். ஸ்டாலின் ஆட்சியின் 1937–38-ஆம் ஆண்டுகளின் களையெடுப்பில் மேலும் பலர் பிடிக்கப்பட்டார்கள், சிலர் சுடப்பட்டார்கள்.

1941-இல் ஜெர்மன் படை வந்தது. 1943-இல் பின்வாங்கும்போது ஜெர்மானியரோடு சுவீடியரையும் போலந்தின் மேற்குப் பகுதிக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து சிலர் சுவீடனை எட்டினார்கள். சோவியத் படையிடம் அகப்பட்டவர்கள் வடக்கே முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, 1947 அளவில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அண்டை ஊர்களின் ஜெர்மானியர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அப்படியானால் இப்போது ஸ்மீயிவ்காவில் வாழ்பவர்கள் யார்?

பெரும்பாலோர் உக்ரைனியர்கள். அவர்களிலும் கணிசமானோர் இன்னொரு இடப்பெயர்வின் பிள்ளைகள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1951-இல் சோவியத் ஒன்றியமும் போலந்தும் எல்லையில் சில நிலப்பகுதிகளை மாற்றிக்கொண்டன. அப்போது கார்பாத்திய மலையடிவாரத்தில் வாழ்ந்த பொய்கோ மக்கள் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டு, இந்த மரமில்லாத தெற்கு வெளிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். காட்டிலிருந்து புல்வெளிக்கு வந்த சுவீடியர்களின் முதல் ஆண்டுகளைப் பற்றிச் சொன்னதை இங்கே ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

நீப்பர் ஆற்றின் ககோவ்கா அணை உடைந்தபோது ஊர் மூழ்கிவிட்டதா?

இல்லை, நடந்தது நேர்மாறு. அணைக்குக் கீழே இருந்த ஊர்கள்தாம் வெள்ளத்தில் மூழ்கின. ஸ்மீயிவ்கா அணைக்கு மேலே, நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்தது. 2023 ஜூன் 6 அன்று அணை தகர்க்கப்பட்டதும் ஊர் முன்னால் விரிந்திருந்த தண்ணீர் சில நாட்களில் வடிந்துபோயிற்று. 2,155 சதுர கிலோமீட்டர் பரப்பு, 18 கன கிலோமீட்டருக்கும் மேல் கொள்ளளவு கொண்ட தேக்கம் அது.

இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. நான் முன்பு விவரித்த பிளாவ்னிச் சதுப்புகள் 1950-களின் நடுவில் இந்தத் தேக்கம் நிறைந்தபோது நீருக்கடியில் போனவை. தண்ணீர் வடிந்த படுகையில் அடுத்த ஆண்டே வில்லோ மரக்கன்றுகள் அடர்ந்து முளைத்தன. கரையோர மக்களுக்கோ குடிநீரும் பாசனமும் போய்விட்டன. அந்தப் பசுமையைக் கண்டு மகிழ்வது தொலைவில் இருப்பவர்களுக்கு எளிது.

போரில் ஊரின் நிலை என்ன?

2022-இன் தொடக்கத்தில் ரஷ்யப் படைகள் கைப்பற்றின. அவ்வாண்டு நவம்பரில் வலக்கரை முழுவதும் மீட்கப்பட்டபோது இதுவும் மீண்டது. ஆனால் எதிர்க்கரை ரஷ்யப் படைகளிடமே இருந்தது. பெரிஸ்லாவ் வட்டாரம் எறிகணைகளுக்கும் ட்ரோன்களுக்கும் எட்டும் தொலைவில் சிக்கியது.

இன்னும் யாராவது அந்தப் பழைய சுவீடிய வழக்கைப் பேசுகிறார்களா?

மொழியியலாளர் அலெக்சாண்டர் மான்கோவ் 2004 முதல் ஊருக்குச் சென்று பதிவு செய்தபோதே, சரளமாகப் பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள்தாம், பெரும்பாலும் பாட்டிமார்கள். அடுத்த தலைமுறைக்கு வீட்டு மொழி ரஷ்யமோ உக்ரைனியமோ ஆகிவிட்டது. 2008-இல் சுவீடன் மன்னர் கார்ல் குஸ்தாவும் அரசி சில்வியாவும் ஊருக்கு வந்தார்கள். அப்போது உலகத்தின் கவனம் கொஞ்சம் திரும்பியது, ஆனால் அரச வருகையால் ஒரு மொழியை இளையோர் வாயில் ஏற்றிவிட முடியாது.

போய்ப் பார்க்க முடியுமா?

மேலே சொன்ன போர்நிலை காரணமாக ஊருக்குப் போகச் சொல்ல மாட்டேன். இந்த வரலாற்றின் மற்ற இரு முனைகளையும் பார்க்கலாம். கோட்லாந்தின் ரூமாவில் ஊராரின் வழித்தோன்றல்கள் ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். திரெலெபோரியில் இறங்கிய ஆகஸ்ட் முதல் நாளை ஆண்டுதோறும் கூடிக் கொண்டாடுகிறார்கள்.

ஹீயூமாவில், கார்ட்லா நகருக்கு வெளியே சாலையோரத்தில் ரிஸ்திமாகி என்று ஒரு மணல்மேடு இருக்கிறது. 'சிலுவைக் குன்று' என்று பொருள். 1781-இல் புறப்படுவதற்கு முன் சுவீடியர்கள் கடைசியாகக் கூடி வழிபட்ட இடம் அதுதான் என்பது வழக்கு. தீவுக்கு முதன்முறை வருகிறவர்கள் அங்கே ஒரு சிலுவை வைத்துவிட்டுப் போவார்கள். கடையில் வாங்கியதை வைக்கக்கூடாது. கீழே கிடக்கும் சுள்ளி, புல், கல் இவற்றைக் கொண்டு அங்கேயே கட்ட வேண்டும். பெரும்பாலானவை அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை.